தானா பூட்டி தானா தொறக்குற கார்: ரிமோட்டா, ஒயரிங்கா, மாட்யூலா?

ராத்திரிவண்டி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்ச நாளா என் வண்டியோட சென்ட்ரல் லாக் என்னை படுத்துற பாட்ட சொல்றேன், கொஞ்சம் பெருசா போகும், பொறுத்துக்கோங்க. சாவி போட்டு திருகி ஸ்டார்ட் பண்ற வண்டிதான், சாவிலயே லாக் அன்லாக் பட்டன் இருக்கு, பட்டன் ஸ்டார்ட் எல்லாம் கெடையாது. வெளிய கடையில போட்ட லாக் செட்டும் இல்ல, கம்பெனில இருந்தே வந்தது.

பிரச்சனை ஒண்ணுன்னா பரவால்ல, ஏழெட்டு மாதிரி பண்ணுது. லாக் அழுத்துனா நாலு கதவும் டக்குனு பூட்டும், அடுத்த செகண்டே டக்குனு தொறந்துக்கும். சில நேரம் அன்லாக் அழுத்துனா மத்த மூணு கதவு தொறக்கும், டிரைவர் கதவு மட்டும் அப்படியே நிக்கும், சாவிய விட்டு திருகித்தான் தொறக்கணும். ரோட்டுல போயிட்டு இருக்கும்போது ஒரு ஸ்பீட் பிரேக்கர் ஏறி எறங்குனா டக் டக் டக்னு எல்லா கதவும் பூட்டி தொறந்து பூட்டுது, பின்னாடி உக்காந்திருக்கவங்க என்னை முறைக்கிறாங்க நான் என்னமோ பட்டன வெச்சு வெளையாடுற மாதிரி. ராத்திரி பூட்டிட்டு போனா காலைல தொறந்து கெடக்குது. இதுல ஒருநாள் பேட்டரி வேற டல்லாகி செல்ப் இழுத்து இழுத்து அடிச்சுது.

சாவில CR2032 செல் புதுசு போட்டுட்டேன், மாறல. ஸ்பேர் சாவிலயும் இதே கூத்துதான். பியூஸ் எல்லாம் எடுத்து பாத்தாச்சு, எதுவும் போகல. ஒரு ஒர்க்‌ஷாப்ல காட்டுனதுக்கு எதையும் கழட்டி கூட பாக்கல, பாடி கன்ட்ரோல் மாட்யூல் (லாக், லைட் எல்லாத்தையும் ஆட்டி வைக்கிற கம்ப்யூட்டர் பெட்டி) போயிருச்சு சார் புதுசுதான் போடணும்னு சொல்லிட்டாங்க. அது சின்ன செலவா என்ன? மாத்திட்டும் சரியாகலன்னா? யாராவது இத அனுபவிச்சவங்க இருந்தா சொல்லுங்க, எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

---

சும்மாஒருகமென்ட்:

ப்ரோ மொதல்ல ரிமோட் வேலை செய்யுதான்னு கன்பார்ம் பண்ணுங்க. போன் கேமராவ ஆன் பண்ணி ரிமோட் முன்னாடி காட்டி பட்டன் அழுத்துங்க, லைட் அடிச்சா ரிமோட் ஓகே, அடிக்கலன்னா ரிமோட் டெட். டிவி ரிமோட்டுக்கு நான் இப்படித்தான் பாப்பேன்.

---

பழையபியூஸ்:

மேல சொன்ன கேமரா டெஸ்ட் டிவி ரிமோட்டுக்கு சரி, அது இன்ப்ராரெட். கார் சாவி ரேடியோ அலையில பேசுது, ஊருக்கு தகுந்த மாதிரி 433.92 மெகாஹெர்ட்ஸ் இல்லனா 315 மெகாஹெர்ட்ஸ்ல இருக்கும், அத எந்த கேமராலயும் பாக்க முடியாது. நல்லா இருக்க ரிமோட்ட செத்துப் போச்சுன்னு தூக்கி போட்டுடுவீங்க. ரொம்ப பழைய சில வண்டிகள்ல இன்ப்ராரெட் சாவி இருந்துச்சு, அதுக்கு மட்டும் அந்த டெஸ்ட் செல்லும்.

இப்ப ராத்திரிவண்டி அவர்களுக்கு. நீங்க எழுதுனதுலயே பாதி பதில் இருக்கு. ஸ்பீட் பிரேக்கர்ல நீங்க ரிமோட்ட தொடவே இல்ல, ஆனா லாக் ஆடுது. ஸ்பேர் சாவிலயும் அதே கதை. ரெண்டு சாவியும் ஒரே நேரத்துல ஒரே மாதிரி கெட்டுப்போறது நடக்காத காரியம். அப்ப ரிமோட் மேல சந்தேகப்பட வேண்டியதில்ல. இன்னும் சந்தேகம் இருந்தா ஒரு ராத்திரி ரெண்டு சாவிலயும் செல்ல கழட்டி வெச்சுட்டு, கதவ சாவி விட்டு பூட்டிட்டு போங்க. காலைல அப்பவும் தொறந்து கெடந்தா ரிமோட்டுக்கு இதுல பங்கே இல்லன்னு ஆயிடும். செல் இல்லாட்டியும் வண்டி ஸ்டார்ட் ஆகும், பயப்படாதீங்க, இம்மொபிலைசருக்கு, அதாவது வேற சாவில வண்டி ஸ்டார்ட் ஆகாம தடுக்குற பூட்டுக்கு, சாவிக்குள்ள இருக்க சிப் தனி, அதுக்கு பேட்டரியே தேவையில்ல, இக்னிஷன சுத்தி இருக்க காயில்ல இருந்துதான் அது கரன்ட் எடுத்துக்குது.

அடுத்து ஒரு விஷயம் கவனிங்க. ரிமோட்ல லாக் பண்ணா இன்டிகேட்டர் மின்னும்ல, வண்டி தானா தொறந்துக்கும்போது இன்டிகேட்டர் மின்னுதா இல்லையா? பெரும்பாலான வண்டில ரிமோட் ஆர்டர் வந்தா மட்டும்தான் இன்டிகேட்டர் பதில் சொல்லும். மின்னாம வெறும் டக் சத்தம் மட்டும் வந்தா அந்த ஆர்டர் கதவு பக்கத்துல இருந்து, அதாவது ஒயர்ல இருந்தோ ஸ்விட்ச்ல இருந்தோ வருதுன்னு அர்த்தம்.

அப்புறம் இதையும் பாத்து எழுதுங்க: டிரைவர் கதவுல இருக்க பவர் விண்டோ, ஸ்பீக்கர், சைடு மிரர் அட்ஜஸ்ட்மென்ட், இதுல ஏதாவது ஒண்ணாவது விட்டு விட்டு வேலை செய்யுதா? ரூம் லைட் தானா எரியுதா? டேஷ்போர்டுல கதவு தொறந்திருக்குன்னு லைட் வந்து வந்து போகுதா? இதுக்கு பதில் சொல்லுங்க, அதுவரைக்கும் மாட்யூல் பேச்சையே எடுக்காதீங்க.

---

நீலத்திரை:

என் வண்டில வேற மாதிரி வந்துச்சு, ஒரு எடத்துல நிறுத்துனா மட்டும் ரிமோட் சுத்தமா எடுக்காது, பத்தடி தள்ளி நிறுத்துனா ஜம்முனு எடுக்கும். 433 மெகாஹெர்ட்ஸ்ல ஒயர்லெஸ் காலிங் பெல், கேட் ரிமோட், வெதர் சென்சார்னு ஆயிரம் ஐட்டம் ஓடுது, அதுல ஒண்ணு ஸ்டக் ஆகி விடாம கத்திக்கிட்டு இருந்தா சுத்தி இருக்க கார் சாவி எல்லாம் ஊமை ஆயிடும். அதே மாதிரி சீப் யூஎஸ்பி சார்ஜர், டேஷ்கேம் சார்ஜர், ஹெட்லைட்டுக்கு வாங்கி மாட்டுற எல்இடி பல்பு இதெல்லாம் சத்தம் கெளப்பி ரிமோட் ரேஞ்ச கம்மி பண்ணும், பின்ன பிடுங்கிட்டு பாத்தா ரேஞ்ச் திரும்பி வந்துடும். ஆனா இதுல எல்லாம் ரிமோட் எடுக்காமத்தான் போகும், தானா தொறக்க வைக்காது, ஒவ்வொரு அழுத்தலுக்கும் கோட் மாறிக்கிட்டே இருக்கதால கண்ட சிக்னல கேட்டு வண்டி ஏமாறாது. ராத்திரிவண்டியோடது இந்த கேஸ் இல்லன்னு தோணுது, வேற யாராவது தேடி வந்தா உதவுமேன்னு போட்டேன்.

---

ராத்திரிவண்டி:

அண்ணா நீங்க கேட்டதுக்கு அப்புறம்தான் உக்காந்து கவனிச்சேன். தானா தொறக்கும்போது இன்டிகேட்டர் மின்னல, வெறும் டக் மட்டும்தான். உள்ள டிரைவர் கதவுல இருக்க லாக் பட்டன அழுத்துனாலும் அதே மாதிரி பூட்டி தொறக்குது, ரிமோட் வேண்டியதே இல்ல. டிரைவர் கண்ணாடி ஒரு சில நேரம் ஏறும்போது நடுவுல மூச்சு வாங்குது, நான் அது ரப்பர் பீடிங் பிரச்சனைன்னு விட்டுட்டேன். அந்த பக்க ஸ்பீக்கர் கரகரன்னு சத்தம் போட்டுட்டு திடீர்னு நிக்கும், கதவ ஓங்கி சாத்துனா திரும்ப பாடும். கதவு மூடியிருக்கும்போதே ரூம் லைட் லேசா மின்னி அடங்குறதையும் பாத்தேன். இதெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமா?

---

பழையபியூஸ்:

சம்பந்தமேதான், கண்ணாடி, ஸ்பீக்கர், லாக், கதவு லைட் நாலும் சேந்து ஆடுதுன்னா அந்த நாலுக்கும் பொதுவா இருக்க ஒரே எடம் டிரைவர் கதவுக்கும் பாடிக்கும் நடுவுல போற ரப்பர் ஹோஸ். கதவ முழுசா தொறந்து கீல் பக்கம் பாருங்க, யானை தும்பிக்கை மாதிரி மடிப்பு மடிப்பா ஒரு கருப்பு ரப்பர் இருக்கும், கதவுக்கு போற அத்தன ஒயரும் அதுக்குள்ளதான் போகுது. கதவ ஒவ்வொரு தடவ தொறந்து மூடும்போதும் அந்த ஒயர் மடங்கி நிமிருது. வண்டிலயே அதிகமா தொறக்குற கதவு டிரைவர் கதவுதானே, அதனால மொதல்ல அங்கதான் போகும். வெளி இன்சுலேஷன் பாக்க முழுசா இருக்கும், உள்ள செம்பு இழை ஒண்ணு ஒண்ணா அறுந்துருக்கும். இன்சுலேஷனும் வெடிச்சா பக்கத்து ஒயரோட ஒட்டிக்கும்.

இப்ப ஏன் பூட்டுன உடனே தொறக்குதுன்னு சொல்றேன். டிரைவர் கதவு லாக்குக்குள்ள மோட்டார் மட்டும் இல்ல, கதவு பூட்டியிருக்கா, தொறந்திருக்கா, சாத்தியிருக்கான்னு மாட்யூலுக்கு சொல்ற சின்ன சின்ன மைக்ரோஸ்விட்சும் இருக்கு. அந்த ஸ்விட்ச் ஒயர் அறுந்தாலோ எர்த்துல பட்டாலோ மாட்யூலுக்கு பொய் தகவல் போகுது. டிரைவர் கதவு தொறந்திருக்கும்போது பூட்டுனா சாவி உள்ள மாட்டிக்கும்னு மாட்யூல் உடனே எல்லாத்தையும் தொறந்து விட்டுடும், அதுதான் உங்க டக் டக். மாட்யூல் தன் வேலைய ஒழுங்காத்தான் பண்ணுது, அதுக்கு வர்ற தகவல்தான் தப்பு. ஒர்க்‌ஷாப்காரங்க பேச்ச கேட்டு மாத்தியிருந்தீங்கன்னா புது மாட்யூலும் அதே டக் டக்தான் பண்ணும்.

பேட்டரி டல்லானதும் இதோட சேந்ததுதான். வண்டிய பூட்டி கொஞ்ச நேரத்துல உள்ள இருக்க மாட்யூல் எல்லாம் தூங்கப் போயிடும், அப்ப மொத்த இழுப்பு பொதுவா 50 மில்லிஆம்பியருக்குள்ள இருக்கணும். அந்த கணக்குல 45 ஆம்பியர் ஹவர் பேட்டரி காலியாகவே ஒரு மாசத்துக்கு மேல ஆகும். ஆனா ஒயர் அடிக்கடி ஒட்டி ஒட்டி மாட்யூல எழுப்பிக்கிட்டே இருந்தா இழுப்பு ஒரு ஆம்பியர் பக்கம் நின்னுடும், அப்ப ரெண்டு நாள் கூட தாங்காது.

செக் பண்றது இப்படி. கதவ பாதி தொறந்து வெச்சு, உள்ள இருக்க லாக் பட்டன ஒருத்தர் அழுத்திக்கிட்டே இருக்கட்டும், நீங்க அந்த ரப்பர ரெண்டு கையாலயும் புடிச்சு மெதுவா முறுக்கி, இழுத்து, தள்ளி பாருங்க. ஸ்பீக்கர்ல பாட்டு ஓடட்டும், அது இன்னும் நல்லது, காதுலயே தெரிஞ்சிடும். எந்த எடத்துல புடிச்சா ஆடுதோ அங்கதான் கோளாறு.

---

ஸ்க்ரூடிரைவர்ராணி:

பியூஸ் அண்ணா சொன்னதோட ஒண்ணு சேத்துக்கறேன். மல்டிமீட்டர் வெச்சு பாக்குறவங்க இதுல கண்டிப்பா ஏமாறுவாங்க. ஒயர்ல ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தா கூட மீட்டர் 12 வோல்ட் காட்டும், கன்டின்யூட்டி பீப் சத்தமும் வரும், ஏன்னா மீட்டர் இழுக்குற கரன்ட் ஒண்ணுமே இல்ல. லாக் மோட்டார் அசையும்போது ஆம்பியர் கணக்குல இழுக்கும், அப்ப அந்த ஒத்த இழையால தாங்க முடியாம வோல்டேஜ் படுத்துடும். அதனால ஒரு இன்டிகேட்டர் பல்பு, 21 வாட், அதுக்கு ரெண்டு ஒயர் வெச்சு சால்டர் பண்ணி வெச்சுக்கோங்க. பவர் ஒயர்ல அத மாட்டி பல்பு பளிச்சுனு எரியுதான்னு பாருங்க, மங்கலா எரிஞ்சா ஒயர் செத்துட்டு இருக்குன்னு அர்த்தம். எர்த்தையும் சும்மா விடாதீங்க, கண்ணாடி ஏறிட்டு இருக்கும்போது கதவு எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவுல மீட்டர் வெச்சா 0.2 வோல்டுக்கு மேல வரக்கூடாது.

ஒரு எச்சரிக்கை, இந்த பல்ப சிக்னல் ஒயர்ல மாட்டாதீங்க, மோட்டாருக்கு போற கொஞ்சம் தடியான ஒயர்ல மட்டும். மாட்யூல்ல இருந்து வர்ற மெலிசு ஒயர்ல 21 வாட் பல்பு போட்டா நல்லா இருக்க மாட்யூல நீங்களே எரிச்சிடுவீங்க. அப்புறம் மஞ்சள் கலர் கப்ளரோ (ஒயர சேக்குற சொருகி) மஞ்சள் ஸ்லீவோ கண்ணுல பட்டா அது ஏர்பேக் லைன், சில வண்டில கதவுக்குள்ளயும் ஏர்பேக் சென்சார் இருக்கு, அதுல பல்பும் வேண்டாம் மீட்டரும் வேண்டாம். எந்த கப்ளர கழட்டுறதுக்கு முன்னாடியும் பேட்டரி நெகட்டிவ எடுத்துட்டு கொஞ்ச நேரம் விட்டுட்டு ஆரம்பிங்க.

ரப்பர்ல ஒண்ணும் இல்லன்னா அடுத்து லாக்குக்குள்ள இருக்க மைக்ரோஸ்விட்ச்தான். அத தனியா விக்க மாட்டாங்க, பெரும்பாலும் லாக் அசெம்பிளியாத்தான் வாங்கணும். அதுக்குள்ள துருப்பிடிக்காத ஸ்ப்ரே அடிக்க சொல்லி யாராவது வருவாங்க, எண்ணெய் கலந்த ஸ்ப்ரே அடிச்சா நாலு நாள் நல்லா இருக்கும், அப்புறம் தூசி ஒட்டி இன்னும் மோசமாகும், அடிக்கணும்னா எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் கிளீனர் மட்டும் அடிங்க.

---

சும்மாஒருகமென்ட்:

மழை தண்ணி உள்ள போயிருந்தாலும் இப்படி பண்ணும்ல? எனக்கு தெரிஞ்சவர் வண்டில வைப்பர் ஆன் பண்ணா டிக்கி தொறந்துச்சு 😂

---

பழையபியூஸ்:

தண்ணி போறது நெசமான காரணம்தான், சிரிக்கிற விஷயம் இல்ல. முன் கண்ணாடிக்கு கீழ இருக்க எலை தழை சேர்ற பள்ளத்துல தண்ணி போற ஓட்டை அடைச்சுக்கிட்டா தண்ணி டேஷ்போர்டுக்கு கீழ எறங்கும், பல வண்டில மாட்யூலும் பியூஸ் பாக்ஸும் அங்கதான் உக்காந்திருக்கு. ஆனா தண்ணி கேஸ்ல கோளாறு ஒரு கதவோட நிக்காது, ஹார்ன், வைப்பர், லைட்டுன்னு சம்பந்தமே இல்லாதது எல்லாம் சேந்து ஆடும், கப்ளர கழட்டுனா பின்ல பச்சை பூத்திருக்கும். இவரோடது டிரைவர் கதவ விட்டு வெளிய வரல பாருங்க. நீங்க சொன்ன வைப்பர் டிக்கி கதை பின் வைப்பரா இருந்தா டிக்கி மூடி ரப்பர்ல ஒயர் ஒட்டியிருக்கும், அதே வியாதிதான், எடம் வேற. டிக்கி லாக், பின் வைப்பர், நம்பர் பிளேட் லைட் மூணும் சேந்து மக்கர் பண்ணா நேரா அந்த ரப்பர உருவிப் பாருங்க.

---

ராத்திரிவண்டி:

அண்ணா, அக்கா, கெடச்சிடுச்சு!! ரப்பர முறுக்குன ஒடனே ஸ்பீக்கர் கரகரன்னுச்சு, இன்னும் கொஞ்சம் மடக்குனா டக் டக் டக்னு எல்லா கதவும் டான்ஸ் ஆடுச்சு. நெகட்டிவ கழட்டிட்டு ரப்பர ரெண்டு பக்கமும் உருவி பாத்தா பாடி பக்கம் மடங்குற எடத்துல ஒரு ஒயர் சுத்தமா ரெண்டா போயிருக்கு, ரெண்டு ஒயர் இன்சுலேஷன் வெடிச்சு செம்பு தெரியுது, அதுல ஒண்ணு பாடி தகட்டுல உரசி உரசி பளபளன்னு ஒரு கோடே போட்டு வெச்சிருக்கு. கருப்பு ஒயர் ஒண்ணு பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, இழுத்து பாத்தா ரப்பர் பேண்ட் மாதிரி நீளுது, உள்ள செம்பே இல்ல போல.

இப்ப இத முறுக்கி டேப் சுத்திட்டா போதுமா, இல்ல முழு ஒயரிங்கும் மாத்தணுமா?

---

ஸ்க்ரூடிரைவர்ராணி:

முறுக்கி டேப் சுத்துனா அடுத்த மழைக்குள்ள திரும்ப இங்கயே வந்து நிப்பீங்க. நீளுது பாருங்க அந்த கருப்பு ஒயர், அது அனேகமா எர்த், கண்ணாடி மூச்சு வாங்குனதுக்கு காரணம் அதுவாத்தான் இருக்கும்.

அறுந்த எடத்துலயே ஜாயின்ட் போடாதீங்க, அதுதான் மடங்குற எடம், சால்டர் வெச்ச ஒயர் அங்க வெறைச்சு நிக்கும், பக்கத்துலயே திரும்ப உடையும். ஒவ்வொரு ஒயர்லயும் கெட்ட பாகத்த ரெண்டு பக்கமும் தாராளமா வெட்டி எடுத்துட்டு நடுவுல புது ஒயர் துண்டு சேருங்க, ஜாயின்ட் ரெண்டும் ரப்பருக்கு வெளிய, ஒண்ணு கதவுக்குள்ள, ஒண்ணு பில்லருக்குள்ள (கீல் பக்கம் இருக்க பாடி தூண்) விழற மாதிரி நீளம் வெச்சுக்கோங்க. ஒயர் பழைய தடிமனுக்கு கொறையக்கூடாது, நெறைய மெல்லிய இழை இருக்க ரகமா பாத்து வாங்குங்க, சிலிகான் இன்சுலேஷன்னா இன்னும் நல்லா வளையும். ஜாயின்ட் எல்லாம் ஒரே எடத்துல குவியாம கொஞ்சம் கொஞ்சம் தள்ளி போடுங்க, இல்லாட்டி ரப்பர் திரும்ப ஏறாது. ஹீட் ஸ்ரிங்க் ஸ்லீவ (சூடு பட்டா சுருங்கி ஒயர இறுக்கிக்கிற குழாய்) ஜாயின்ட் போடுறதுக்கு முன்னாடியே ஒயர்ல கோத்துடுங்க. ஒவ்வொரு ஒயரா வெட்டி ஒவ்வொரு ஒயரா முடிங்க, எல்லாத்தையும் ஒரேயடியா வெட்டிட்டீங்கன்னா ஒரே கலர் ஒயர் ரெண்டு இருக்கும்போது மண்டை காயும்.

பாக்க நல்லா இருக்க ஒயரையும் இழுத்து பாத்துடுங்க. நீளுறது எல்லாத்தையும் இப்பவே மாத்திடுங்க.

---

பழையபியூஸ்:

ராணி சொன்னதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்ல. கம்பெனி ஒயரிங் கதவு செட்டா தனியா கெடச்சா அத போடறது இன்னும் சுலபம், கப்ளர் டு கப்ளர் மாட்டிடலாம், எல்லா வண்டிக்கும் கெடைக்காது. அந்த தகட்டுல உரசுன எடத்துல பெயின்ட் போயிருந்தா கொஞ்சம் டச்சப் பண்ணிடுங்க, துரு ஏறும். ரப்பர திரும்ப மாட்டும்போது ஓரம் முழுசா பள்ளத்துல உக்காந்துச்சான்னு விரல விட்டு சுத்தி பாருங்க, அரைகுறையா உக்காந்தா கார் கழுவுற தண்ணி நேரா உள்ள போயிடும்.

---

ராத்திரிவண்டி:

முடிஞ்சுது. ஒயர் இழுத்து பாத்ததுல இன்னும் ஒண்ணு சேந்து மாட்டுச்சு, அதையும் மாத்தியாச்சு. லாக் ஒரே தடவ டக், அவ்ளோதான், இன்டிகேட்டரும் ஒழுங்கா மின்னுது, கண்ணாடி சரசரன்னு ஏறுது, ஸ்பீக்கர் கேக்கவே வேண்டாம். ஸ்பீட் பிரேக்கர்ல வேணும்னே ரெண்டு மூணு தடவ ஏத்தி எறக்கி பாத்துட்டேன். காலைல பேட்டரி 12.6 காட்டுது, முன்ன 12.2க்கு வந்துடும்.

ஒரே ஒரு சந்தேகம். அன்லாக் அழுத்திட்டு போன் வந்துச்சுன்னு கதவ தொறக்காம நின்னுட்டு இருந்தேன், அரை நிமிஷம் இருக்கும், தானா திரும்ப பூட்டிக்கிச்சு. நெஞ்சு பகீர்னு ஆயிடுச்சு. இன்னும் ஏதாவது ஒயர் மிச்சம் இருக்கா?

---

பழையபியூஸ்:

அந்த பூட்டும்போது இன்டிகேட்டர் மின்னுச்சா?

---

ராத்திரிவண்டி:

ஆமா மின்னுச்சு. இப்ப திரும்ப ட்ரை பண்ணேன், ஒவ்வொரு தடவையும் கரெக்டா அதே நேரத்துல பூட்டுது.

---

பழையபியூஸ்:

அப்ப அது கோளாறு இல்ல, கம்பெனி வெச்ச வசதி. பாக்கெட்ல பட்டன் தெரியாம அமுங்கி வண்டி தொறந்து கெடக்கக்கூடாதுன்னு, அன்லாக் பண்ணி எந்த கதவையும் தொறக்கலன்னா திரும்ப பூட்டிக்கும், பல வண்டில 30 செகண்ட். கோளாறு இப்படி கடிகாரம் பாத்து வராது. இத்தன நாள் கதவு தொறந்தே இருக்குன்னு ஒயர் பொய் சொல்லிட்டு இருந்ததால இந்த வசதி வேலையே செஞ்சிருக்காது, அதான் உங்களுக்கு புதுசா தெரியுது. சில வண்டில டிக்கிய மட்டும் தொறந்தா அத கணக்குல எடுக்காது, சாமான் வைக்கும்போது சாவிய டிக்கில வெச்சுட்டு மூடிடாதீங்க.

---

ராத்திரிவண்டி:

ஓகே அண்ணா, சாவி இனி பேன்ட் பாக்கெட்லதான். தலைப்புல "தீர்ந்தது"ன்னு மாத்திட்டேன், ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி 🙏